கையெழுத்து விழாத பழைய நோட்டுகள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நோட்டு சேர்க்கிற எவருக்கும் என்றாவது ஒருநாள் இது கையில் வந்து சேரும். தகட்டில் செதுக்கி அச்சிட்ட நோட்டு. கப்பல் இருக்கும், அறுவடைக் காட்சி இருக்கும், வங்கியின் பெயர் வளைந்த எழுத்தில் பெரிதாக இருக்கும், தொகையும் இருக்கும். கீழே மட்டும் இரண்டு கோடுகள் வெறுமையாகக் கிடக்கும். தேதி வரவேண்டிய இடத்தில் '18' என்று மட்டும் அச்சாகி, பக்கத்தில் இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருக்கும், அந்த இடத்தை யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள். அச்சாகியும் வெளியே போகாமல் நின்றுவிட்ட நோட்டு. சேகரிப்பாளர்கள் இதை ரிமைண்டர் என்கிறார்கள், மிச்ச நோட்டு என்று சொன்னாலும் பொருந்தும்.

எனக்கு இந்த வகைமீது தனிப் பிரியம். புழங்கிய நோட்டில் அழுக்கும் மடிப்பும் மூடிவிடுகிற செதுக்கு வேலை இதில் அப்படியே இருக்கிறது. அதோடு, வெறும் தாள் எப்படிப் பணமாகிறது என்ற வேலையின் நடுக்கட்டத்தையே கண்ணால் பார்க்க முடிகிறது. ஆனால் புதிதாகச் சேர்க்க வருபவர்கள் அதிகமாக ஏமாறுவதும் இந்த வகையில்தான். பல நேரம் யாரும் ஏமாற்ற வேண்டியதே இல்லை, நாமே தப்பாகப் புரிந்துகொண்டு காசை விட்டுவிடுகிறோம். நான் பார்த்த வரையில் இந்தத் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறோம், இந்த நோட்டு எந்தக் கட்டத்தில், எதனால் நின்றது என்று கேட்பதில்லை.

அந்தக் கட்டங்கள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மாநில அனுமதி பெற்ற தனியார் வங்கிகள் தாங்களே நோட்டு வெளியிட்டன. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா போன்ற ஊர்களில் இருந்த செதுக்கு அச்சகங்கள் ஒரு தாளுக்குப் பெரும்பாலும் நான்கு நோட்டு வீதம் அச்சிட்டு, வெட்டாமல் வங்கிக்கு அனுப்பும். வங்கியில் எழுத்தர் ஒருவர் எண் போடுவார், தேதி எழுதுவார். காசாளர் ஒரு கையெழுத்து, வங்கித் தலைவர் ஒரு கையெழுத்து. அப்புறம் கத்தரிக்கோலால் வெட்டி வெளியே விடுவார்கள். இரண்டு கையெழுத்தும் விழுகிற வரை அது கடன் சொல்லும் பத்திரம் ஆகாது, அலமாரியில் இருக்கும் அச்சுத்தாள்தான். இங்கிலாந்து வங்கியிலும் 1853 வரை காசாளர்கள் ஒவ்வொரு நோட்டிலும் பெறுபவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த ஆண்டில்தான் முழுவதும் அச்சான நோட்டு வந்தது.

இது தெரியாததால் வருவதுதான் முதல் குழப்பம். கையெழுத்தில்லாத பழைய நோட்டைப் பார்த்ததும் 'அச்சுப் பிழை' என்று சந்தோஷப்படுகிறார்கள். இல்லை. கையால் கையெழுத்திட்ட காலத்து நோட்டில் கையெழுத்து இல்லாதது பிழை ஆகாது, வேலை பாதியில் நின்றது, அவ்வளவுதான். இன்றைய நோட்டுகளில் கையெழுத்தும் வரிசை எண்ணும் இயந்திரத்தில் அச்சாகின்றன. அங்கே அவை விடுபட்டால்தான் அது பிழை நோட்டு. இரண்டுக்கும் வாங்குபவர்கள் வேறு, விலை போகும் விதமும் வேறு. பிழை நோட்டு என்று சொல்லி விற்கப்படும் நவீன நோட்டுகளில் அச்சான எண்ணையோ கையெழுத்தையோ சுரண்டியோ ரசாயனத்தால் அழித்தோ எடுத்தவையும் உண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் தாளின் இழை கலைந்திருக்கும், பின்னணிக் கோடுகள் மங்கியிருக்கும்.

அடுத்தது, அரிது பற்றிய தவறு. இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'வெளியே வராத நோட்டு, அதனால் அரிது' என்று விற்பவர் சொன்னால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது பல இடங்களில் நேர் எதிர். ஒழுங்காக நடந்த ஒரு வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெளியிட்ட நோட்டுகளை மக்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்து வெள்ளியோ தங்கமோ வாங்கிக்கொண்டார்கள், வங்கி அந்த நோட்டுகளை ரத்து செய்து அழித்துவிட்டது. கையெழுத்திட்டவை போய்விட்டன, பெட்டியில் கிடந்த கையெழுத்திடாத தாள்கள் மட்டும் தப்பின. மோசடியாக நடந்து மூழ்கிய வங்கியில் கதை வேறு: கையெழுத்திட்ட நோட்டுகள் மக்கள் கையிலேயே செல்லாமல் நின்றுபோயின, வீட்டுப் பெட்டிகளில் கிடந்து இன்று சந்தைக்கு வருகின்றன. ஆக நாணயமான வங்கிக்குக் கையெழுத்திட்டது அரிது, நாணயமில்லாத வங்கிக்குச் சில சமயம் கையெழுத்திடாததுதான் அரிது. எல்லா வங்கிக்கும் இது அச்சுப் பிசகாமல் பொருந்தும் என்று சொல்லவில்லை, ஆனால் விலை பேசுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

நியூ ஆர்லியன்ஸில் ஒரு கால்வாய் வெட்டுவதற்காக 1831-இல் தொடங்கிய கெனால் வங்கியின் நோட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். கையெழுத்தில்லாத அதன் நோட்டுகள், வெட்டாத முழுத் தாள்கள் உட்பட, இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அழகான நோட்டுகள், தொடங்குபவர்கள் தயங்காமல் வாங்கலாம், ஆனால் 'அபூர்வம்' என்ற சொல்லுக்காகக் கூடுதலாக ஒரு காசும் கொடுக்க வேண்டாம். இதே நகரத்தின் சிட்டிசன்ஸ் வங்கி வெளியிட்ட 10 டாலர் நோட்டில் பிரெஞ்சு மொழியில் பத்து என்பதற்கான 'டிஸ்' என்ற சொல், ஆங்கிலத்தில் 'டிக்ஸ்' என்று படிக்கும்படி, அச்சாகியிருக்கும். அமெரிக்கத் தென்பகுதிக்கு 'டிக்ஸி' என்ற பெயர் இதிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பல விளக்கங்களில் அது ஒன்று, நிரூபணம் கிடையாது. ஆனால் விற்பனைக் குறிப்பில் அது வரலாற்று உண்மையாகவே மாறி, விலையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கதை பிடித்திருந்தால் ரசிக்கலாம், அதற்குத் தனியாக விலை கொடுப்பது தேவையில்லாதது.

இவ்வளவு தாள்கள் ஏன் மிஞ்சின என்றால், 1865 மார்ச்சில் அமெரிக்க காங்கிரஸ் மாநில வங்கி நோட்டுகள்மீது 10 சதவீத வரி போட்டது. அதற்குப் பிறகு நோட்டு வெளியிடுவது இந்த வங்கிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அச்சடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே அடியில் மிச்சமாயின. இன்னொரு வகை, நாடே கிடைக்காமல் நின்றுபோனது. ஹங்கேரியப் புரட்சி 1849-இல் தோற்ற பிறகு நாடு கடந்து வாழ்ந்த அதன் தலைவர் லாயோஷ் கோஷூத் 1852-இல் ஃபிலடெல்ஃபியாவில் 1, 2, 5 ஃபோரிண்ட் நோட்டுகளை அச்சிட வைத்தார். திரும்பிப் போய் ஆட்சி அமைத்தால் பயன்படுத்தலாம் என்பது எண்ணம், அது நடக்கவில்லை. இந்த நோட்டுகளில் அவர் கையெழுத்து அச்சிலேயே இருக்கிறது, ஆனாலும் அவை வெளியிடப்படாதவைதான். 'கையெழுத்து இருக்கிறது, ஆகவே வெளியானது' என்று நினைப்பதும் தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பின்னர் லண்டனில் அவர் அச்சிட வைத்த இன்னொரு தொகுதிக்கு எதிராக ஆஸ்திரியப் பேரரசரே இங்கிலாந்து நீதிமன்றத்துக்குப் போனார், 1861-இல் தீர்ப்பு பேரரசர் பக்கம் வந்தது, நோட்டுகள் அழிக்கப்பட்டன. ஒரே மனிதர், ஒரே நோக்கம், இரண்டு தொகுதிகளுமே வெளியிடப்படாதவை. ஃபிலடெல்ஃபியாவில் அச்சானது எளிதாகக் கிடைக்கிறது, லண்டனில் அச்சானது கிடைப்பதே அபூர்வம். 'வெளியிடப்படாதது' என்ற ஒரு சொல்லை வைத்து இந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, இனி பணம் அதிகம் போகும் இடத்துக்கு வருவோம். வெற்றுக் கோடு இருக்கும் நோட்டில் பின்னால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். தாள் அசல், அச்சு அசல், எழுத்து மட்டும் நேற்றையது. ஒரு வங்கிக்குக் கையெழுத்திட்ட நோட்டு அரிதாகவும் கையெழுத்திடாதது மலிவாகவும் இருந்தால், மலிவானதை வாங்கிக் கோட்டை நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை யாருக்காவது வரத்தான் செய்யும். எல்லாமே ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. அந்தக் காலத்திலேயே வங்கி மூடிய பிறகு மிச்சத் தாள்கள் வெளியே போய், அவற்றில் பொய்க் கையெழுத்துப் போட்டுச் செலவழித்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நோட்டுக்கும் சேகரிப்பு மதிப்பு இருக்கிறது, ஆனால் அது வேறு பொருள், வேறு பெயரில் வாங்க வேண்டியது. பிள்ளைகள் விளையாட்டாக எழுதியதும் உண்டு.

நான் ஒருமுறை இதில் நன்றாக ஏமாந்திருக்கிறேன். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய நோட்டு, இரண்டு கையெழுத்தும் பழுப்பு நிறத்தில் பொருத்தமாகத்தான் இருந்தன. கையில் வந்து சில வாரம் கழித்து, சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது நோட்டின் நடு மடிப்பைக் கையெழுத்து கடக்கும் இடத்தில் மை இரு பக்கமும் சிறு வேர்கள் மாதிரிப் பரவியிருந்தது. மடிப்பில் தாளின் இழை உடைந்திருக்கும், உடைந்த இழையில் மை ஊறும். எழுதிவிட்டு மடித்திருந்தால் மை மடிப்பில் உதிர்ந்திருக்கும், ஊறியிருக்காது. அதாவது, நோட்டு மடிந்து பல காலம் கழித்துத்தான் அந்தக் கையெழுத்து விழுந்திருக்கிறது. விற்றவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அன்றிலிருந்து கையெழுத்து மடிப்பையோ கறையையோ, நோட்டை ரத்து செய்யப் போட்ட துளையையோ தொடும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். துளையின் ஓரத்தில் வெட்டுப்பட்ட இழைக்குள் மை ஏறியிருந்தால் அது துளைக்குப் பிறகு எழுதியது. கறையின் மேல் மை பரவும் விதம் மாறினால் கறைக்குப் பிறகு எழுதியது.

மையின் நிறத்தை மட்டும் நம்புவது பெரிய தவறு. 19-ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது மாசிக்காயும் அன்னபேதியும் கருவேலம் பிசினும் சேர்த்துச் செய்த இரும்பு மை. எழுதியபோது வெளிர்ந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, பல ஆண்டுகளில் பழுப்பாகும். அழுத்தி எழுதிய இடங்களில் தாளையே அரித்து, பின்பக்கம் வரை நிறம் தெரியும். புற ஊதா விளக்கின் கீழே இந்த மை கறுப்பாகவே நிற்கும். பால்பாயின்ட் பேனா 20-ஆம் நூற்றாண்டுப் பொருள், அது உருட்டுத் தடத்தை விட்டுச்செல்லும். எஃகு முள் பேனா அழுத்தும்போது இரு பிளவாக விரிந்து ஓரங்களில் இரட்டைக் கோடு விடும். இதெல்லாம் ஒரு நல்ல உருப்பெருக்கியும் சிறிய புற ஊதா விளக்கும் இருந்தால் வீட்டிலேயே பார்க்கக் கூடியவை. ஆனால் இரும்பு மை என்று உறுதியானாலும் பழைய எழுத்து என்று உறுதியாகாது, ஏனென்றால் அந்த மையை இன்றும் செய்யலாம். 1980-களில் அமெரிக்காவில் பிடிபட்ட மார்க் ஹாஃப்மன், மோர்மன் என்ற அமெரிக்க மதப்பிரிவின் வரலாற்று ஆவணங்களோடு பழைய மோர்மன் பணத்தாள்களையும் போலியாகச் செய்தவர், தானே இரும்பு மை காய்ச்சி, செயற்கையாக அதை முதுமையாக்கினார். பல வல்லுநர்கள் நம்பிவிட்டார்கள். நுண்ணோக்கியில் அந்த மையின் மேற்பரப்பு முதலைத் தோல்போல் வெடித்திருந்தது கடைசியில் காட்டிக்கொடுத்தது.

புகழ்பெற்றவர் கையெழுத்தோடு வரும் நோட்டு என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அங்கே நோட்டு ஒரு சாக்கு, விலை முழுக்கக் கையெழுத்துக்கு. ஓஹையோவின் கர்ட்லாண்ட் ஊரில் 1837-இல் மோர்மன் பிரிவைத் தொடங்கிய ஜோசஃப் ஸ்மித் கையெழுத்திட்டு வெளியான கர்ட்லாண்ட் சேஃப்டி சொசைட்டி நோட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் அந்த ஆண்டே சரிந்தது. ஆனால் அதே நோட்டுகள் 1849-இல் சால்ட் லேக் நகரத்தில் அவருக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகம் யங் முதலானோரின் கையெழுத்துச் சேர்த்து மறுபடி பயன்பாட்டுக்கு வந்தன. இந்த வரலாறு தெரியாதவர், வேறு ஊரில் வேறு ஆண்டில் வேறு ஒருவர் கையெழுத்துப் போட்ட நோட்டைப் போலி என்று ஒதுக்கிவிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவரோ, பிற்காலக் கையெழுத்து எதைக் காட்டினாலும் நம்பிவிடுவார். எந்த வங்கி, எத்தனை ஆண்டு நடந்தது, அப்போது தலைவர் யார், காசாளர் யார் என்ற விவரத்தைத் தேடாமல் கையெழுத்துக்குப் பணம் கொடுக்கக்கூடாது. வங்கி மூடிய பிறகான தேதி எழுதியிருந்தால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும்.

ஒரு கையெழுத்து மட்டும் உள்ள நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பெரும்பாலானவர்கள் இரண்டுங்கெட்டான் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வகை. இரண்டு கையெழுத்து வைத்ததே ஒருவர் தனியாகப் பணம் உண்டாக்கிவிடக்கூடாது என்பதற்காக. நடைமுறையில் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது ஒரு கட்டு தாளில் கையெழுத்திட்டு வைத்துவிடுவார், தேவைப்படும்போது மற்றவர் தன் கையெழுத்தைச் சேர்ப்பார். அந்த இரண்டாவது கை வராமல் நின்ற நோட்டு, அலுவலகத்தில் வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதற்கான நேரடிச் சாட்சி. எண் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, எந்தக் கையெழுத்து முதலில் விழுந்தது, எண்ணும் கையெழுத்தும் ஒரே மையா? இவற்றை ஒரே வங்கியின் நான்கைந்து நோட்டில் பார்த்து ஒப்பிட்டால் அந்த வங்கியின் வழக்கமே புலப்பட ஆரம்பிக்கும். ஒரு நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கையெழுத்தே இல்லை என்று தோன்றும் நோட்டில் ஒரு காலத்தில் கையெழுத்து இருந்திருக்கலாம். ஈரம் பட்டு, வெயில் பட்டு, யாரோ கழுவி, மை வெளிறிப்போயிருக்கும். ரத்து செய்த பேனாக் கோட்டை ரசாயனத்தால் எடுக்கப் போய்க் கையெழுத்தும் சேர்ந்து போயிருக்கலாம். புற ஊதா விளக்கில் பார்த்தால் இரும்பின் சுவடு மங்கலாகத் தெரியும். 'கையெழுத்தில்லாத நோட்டு, புதிது மாதிரி' என்று வாங்கி, விளக்கடியில் வைத்ததும் இரண்டு பெயர்கள் எழும்பி வருவதைப் பார்த்தவர்கள் உண்டு. அந்த நோட்டு வெளியாகிப் புழங்கியது, அப்புறம் கழுவப்பட்டது. வாங்கும் முன்பே இந்த விளக்குச் சோதனையைச் செய்யும்படி கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. நேர்மையான விற்பனையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கையெழுத்தில்லாத எல்லாம் மிச்ச நோட்டு என்று நினைப்பதும் அதிகம் நடக்கிறது. வங்கிக்கு அச்சகம் முன்கூட்டிக் காட்டிய சோதனைப் படியை ப்ரூஃப் என்பார்கள். பெரும்பாலும் மெல்லிய தாளில், ஒரு பக்கம் மட்டும், பின்னால் அட்டை ஒட்டி இருக்கும், கையெழுத்து வரும் இடத்தில் துளை போட்டிருப்பதும் உண்டு. மாதிரிக்கென்றே தயாராகும் ஸ்பெசிமன் நோட்டில் அந்தச் சொல்லே குறுக்கே அச்சாகியிருக்கும், எண் பெரும்பாலும் பூச்சியங்களாக இருக்கும். இவை மூன்றும் மூன்று வேலைக்காகப் பிறந்தவை. மிச்ச நோட்டு உண்மையான நோட்டுத் தாளில், வெளியே போகவென்றே அச்சானது. அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியின் பழைய சேமிப்பிலிருந்த ப்ரூஃபுகளும் ஸ்பெசிமன்களும் 1990-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏராளமாக வெளியே வந்தன, அதனால் இவை ஒன்றோடொன்று கலந்து விற்கப்படுவது இன்னும் சகஜம். இன்னொரு விசித்திரம், அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் அங்கிருந்த காங்கிரஸ் வெளியிட்ட கான்டினென்டல் நோட்டுகளில் சில நீலத் தாளில், கையெழுத்தில்லாமல் இருப்பது. போலியைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அப்படி அச்சிட்டார்கள். அதை வெறும் மிச்ச நோட்டு என்று விற்பவர் கண்ணில் பட்டால் வாங்குபவருக்கு நல்ல காலம்.

நகல்கள் விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். 1862-இல் ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் அப்ஹம் என்ற கடைக்காரர், உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் நோட்டுகளை நகலெடுத்து நினைவுப்பொருள் என்று விற்றார். கீழ் ஓரத்தில் இது நகல் என்றும் தன் கடை முகவரியும் அச்சிட்டிருந்தார். அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டால் போதும், நோட்டு தயார், பலரும் அதைத்தான் செய்தார்கள். அதனால் கூட்டமைப்பு நோட்டு கீழ்ப்பக்கம் மட்டும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அசல் கூட்டமைப்பு நோட்டுகளில் பெரும்பாலானவை எழுத்தர்கள் கையால் கையெழுத்திட்டவை, அந்த வேலைக்குப் பெண்களையும் நிறைய அமர்த்தினார்கள், கையெழுத்திட்டவர்களின் பட்டியலும் சேகரிப்பாளர்களிடம் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கலாம். 20-ஆம் நூற்றாண்டு நகல்கள் இன்னும் மோசமாகப் பரவியிருக்கின்றன. மஞ்சளாக்கி மொறமொறவென்று செய்த தாளில் 1840-ஆம் ஆண்டு தேதியிட்ட பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் 1000 டாலர் நோட்டை யாராவது காட்டினால் எண்ணைப் பாருங்கள். 8894 என்றிருந்தால் அது நகல், ஒரே எண்ணோடு உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நகலில் 'காப்பி' என்று குறிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1973-இல் சட்டம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் அச்சானவற்றில் அந்தச் சொல்லை எதிர்பார்க்க முடியாது. தாள் புற ஊதா விளக்கில் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது வெண்மையூட்டி கலந்த, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதித் தாள். 19-ஆம் நூற்றாண்டு நோட்டு அப்படி ஒளிராது.

தரம் பார்ப்பதில் ஒரு சின்னத் தவறு. புழங்காத நோட்டு என்றால் மாசுமருவற்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். மிச்ச நோட்டு பணப்பையில் போகவில்லை, ஆனால் நூறு நூற்றைம்பது வருடம் கட்டாகக் கிடந்திருக்கிறது. பழுப்புப் புள்ளிகள் இருக்கும், எலி கடித்திருக்கும், கட்டைச் சுற்றிய நூல் ஓரத்தை அழுத்தியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டியதால் ஓரங்கள் கோணலாக இருக்கும், பக்கத்து நோட்டின் சட்டகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கோணல் வெட்டு அதன் பிறப்பிலேயே உள்ளது, அச்சைத் தின்றிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அதே சமயம், மிச்ச நோட்டில் நல்ல நிலை சகஜம் என்பதால், சுமாரான நிலையில் உள்ளதற்குப் பெரிய விலை கொடுப்பதும் சரியில்லை. பொறுத்தால் இன்னொன்று வரும்.

வெட்டாத முழுத் தாள் கிடைத்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். நான்கையும் தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு என்று கணக்குப் போட்டுக் கத்தரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், எனக்கு இது மனசுக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரு தாளில் ஏ, பி, சி, டி என்று இட எழுத்துகள் இருக்கும், எந்தத் தொகைகளை ஒரே தகட்டில் சேர்த்தார்கள் என்பது அந்தத் தாளில் மட்டும்தான் தெரியும். வெட்டியதும் அந்தச் செய்தி போய்விடும், மறுபடி ஒட்ட வழியில்லை.

பராமரிப்பில் சொல்ல அதிகமில்லை. கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் பக்கமே போகாதீர்கள். மிருதுவான பிவிசி உறை சில வருடத்தில் பிசுபிசுத்து நோட்டைக் கெடுக்கும், பாலியெஸ்டர் உறையே நல்லது. இரும்பு மையில் ஒரு கையெழுத்தாவது உள்ள நோட்டை ஈரமான இடத்தில் வைக்கவே கூடாது, மை தாளை அரிப்பதை ஈரம் வேகமாக்கும். புற ஊதா விளக்கையும் சோதனைக்கு ஒரு சில நொடி போதும், அதன் கீழேயே வைத்து ரசிக்க வேண்டாம்.

வெற்றுக் கோட்டை நீங்கள் நிரப்ப நினைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன், ஆனால் 'அழகுக்காக' என்று சொல்லி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடு வெறுமையாக இருப்பதுதான் அந்த நோட்டின் செய்தி. பென்சிலால் விலை குறிப்பதும் வேண்டாம், நோட்டைத் தொடாமல் உறைக்குள் தனி அட்டை வையுங்கள். என் அட்டைகளில் வங்கியின் பெயர், ஊர், தாளில் இட எழுத்து, அச்சகத்தின் பெயர், அப்புறம் எண், தேதி, முதல் கையெழுத்து, இரண்டாம் கையெழுத்து என்ற நான்குக்கும் நேரே இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதுகிறேன். யாரிடமிருந்து வந்தது, எந்தக் கட்டிலிருந்து பிரிந்தது என்று விற்றவர் சொன்னால் அதையும் அவர் சொன்னபடியே, சொன்ன தேதியோடு எழுதிவிடுகிறேன். ஒரே வங்கியின் மூன்றாவது நோட்டு வரும்போது அந்த அட்டைகளைப் பக்கத்தில் பரப்பி வைத்துப் பார்ப்பேன், அதில்தான் ஒருமுறை எனக்கு ஒரே தலைவர் கையெழுத்து அடுத்தடுத்த எண்களில் தொடர்ந்து வந்து, காசாளர் கையெழுத்து நடுவிலேயே நின்றுபோனது தெரிந்தது.